8 ஜிபி மடிக்கணினி, இரண்டு திரை, தட்டுவது முழுக்கத் தமிழ்: எந்த டெஸ்க்டாப் வைக்கலாம்?

கறுப்புத்திரை எழுதியது:

வணக்கம். ரொம்ப நாளாக ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், இது என் முதல் கேள்வி. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது, என் கணினி 11க்குத் தகுதியில்லை என்று அதுவே சொல்லிவிட்டது, சரி, இனி லினக்ஸ்தான் என்று முடிவெடுத்தாயிற்று. எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு) என்பதில் குழப்பமில்லை, டெபியன் 13 போடப் போகிறேன். ஆனால் நிறுவும்போது எந்த டெஸ்க்டாப் (ஜன்னல், மெனு, பேனல் எல்லாம் சேர்ந்த முகப்பு) வேண்டும் என்று ஒரு பட்டியலை நீட்டுகிறது பாருங்கள், அங்கே மாட்டிக்கொண்டேன். க்னோம், கேடிஈ பிளாஸ்மா, எக்ஸ்எஃப்சிஈ, சின்னமன், மாத்தே, எல்எக்ஸ்டிஈ, எல்எக்ஸ்க்யூட்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம், ஒவ்வொரு கூட்டமும் மற்றதைத் திட்டுகிறது.

என் நிலவரம் இதுதான். 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, 15.6 அங்குல 1366×768 திரை. வேலை நேரத்தில் 27 அங்குல 4கே மானிட்டர் ஒன்றை இணைப்பேன். மொழிபெயர்ப்பு வேலை, இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் தமிழ், நாள் முழுக்கத் தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டுவேன். விளையாட்டெல்லாம் கிடையாது. அப்பாவிடம் 4 ஜிபி பழைய கணினி ஒன்று இருக்கிறது, அதையும் மாற்ற வேண்டும், ஆனால் அது அப்புறம். அழகைப் பற்றிக் கவலையில்லை, தினமும் எரிச்சல் வராமல் இருந்தால் போதும்.

எலிவால் எழுதியது:

எக்ஸ்எஃப்சிஈ. வேறு பேச்சே வேண்டாம்.

1996இல் தொடங்கியது, இன்னமும் அதே குணம். 4.12க்கும் 4.14க்கும் நடுவில் நாலரை வருடம் எடுத்துக்கொண்டார்கள், அந்த நாலரை வருடமும் என் பேனல் வைத்த இடத்திலேயே இருந்தது, மெனு திறந்த இடத்திலேயே திறந்தது. மற்றவர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள், எனக்கு அதுதான் வேண்டும். அதன் கோப்பு மேலாளரான துனாரில் நூறு கோப்புகளுக்கு ஒரே நேரத்தில் பெயர் மாற்றும் வசதி ஒன்று போதும், அதற்காகவே வைத்துக்கொள்ளலாம். 8 ஜிபி இருந்தால் பறக்கும்.

நள்ளிரவுக்கர்னல் எழுதியது:

எலிவால் அண்ணே, கேள்வியை முழுசாகப் படித்தீர்களா? 4கே மானிட்டர் என்று எழுதியிருக்கிறார்.

கறுப்புத்திரை, உங்கள் விஷயத்தில் ரசனைக்கு முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 15.6 அங்குலத்தில் 1366 புள்ளி அகலம் என்றால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 100 புள்ளி. 27 அங்குலத்தில் 3840 என்றால் ஏறக்குறைய 163. மடிக்கணினித் திரையில் 100 சதவீத ஸ்கேலிங்கில் (எழுத்தையும் ஐகானையும் பெரிதாக்கும் அளவு) சரியாகத் தெரியும் எழுத்து, மானிட்டரில் எறும்பு மாதிரி தெரியும். மானிட்டருக்கு 150 சதவீதம் வைத்தால் அங்கே சரியாகும், ஆனால் அதே 150ஐ மடிக்கணினித் திரையும் எடுத்துக்கொண்டால் அங்கே மூன்று ஐகானுக்கு மேல் நிற்காது. ஆக, திரைக்குத் திரை தனி ஸ்கேலிங் வேண்டும்.

இங்கேதான் எக்ஸ்11, அதாவது ஜன்னல்களைத் திரையில் வரைந்து காட்டும் பழைய அமைப்பு, உதைக்கும். 1987இல் வந்த வடிவமைப்பு, எல்லாத் திரைகளையும் சேர்த்து ஒரே பெரிய பலகையாகத்தான் அது பார்க்கிறது, செயலிக்குத் தான் எந்தத் திரையில் எந்த அளவில் நிற்க வேண்டும் என்று சொல்ல ஒழுங்கான வழியே கிடையாது. ஒரு திரையை மட்டும் இழுத்துப் பெரிதாக்கும் வித்தைகள் உண்டு, எழுத்து மங்கும். சின்னமன் எக்ஸ்11 மேலேயே இதைச் செய்து தருகிறது, முதலில் இரண்டு மடங்கு பெரிதாக வரைந்து பிறகு சுருக்குவது அதன் வழி, பழைய உள்ளிணைந்த கிராபிக்ஸுக்கு அது சுமை.

எக்ஸ்11க்குப் பதிலாக வந்த வேலாண்டில் இந்தப் பிரச்சினை அடிப்படையிலேயே வேறு மாதிரி கையாளப்படுகிறது. ஒவ்வொரு ஜன்னலுக்கும் அது இருக்கும் திரையின் அளவு சொல்லப்படுகிறது, முழு எண்ணாக இல்லாத ஸ்கேலிங்குக்கென்றே 2022இல் ஒரு நெறிமுறை சேர்ந்தது. வேலாண்ட் இன்று முழுசாக முதிர்ந்திருப்பது க்னோமிலும் பிளாஸ்மாவிலும்தான். எக்ஸ்எஃப்சிஈ 4.20இல் வேலாண்ட் சோதனை நிலை, அவர்களுடைய சொந்த ஜன்னல் மேலாளரே அதில் இன்னும் ஓடாது. சின்னமனிலும் சோதனைதான். எனவே உங்கள் பட்டியல் ஏழிலிருந்து இரண்டாகச் சுருங்கிவிட்டது.

எலிவால் எழுதியது:

மானிட்டரைக் கவனிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் எழுத்துரு அளவை மட்டும் கூட்டிக்கொண்டு எட்டு வருடமாக இரண்டு திரையில் ஓட்டுகிறேன், சாகவில்லை. அப்பாவின் கணினிக்கு வரும்போது கூப்பிடுங்கள், அங்கே நான் விடமாட்டேன்.

மின்மினி எழுதியது:

க்னோம் பக்கத்திலிருந்து நான் பேசுகிறேன், யாராவது பேசத்தானே வேண்டும்.

க்னோமை விண்டோஸ் மாதிரி நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் முதல் நாளே ஓடிவிடுவீர்கள். கீழே பட்டை இல்லை, டெஸ்க்டாப்பில் ஐகான் இல்லை, ஜன்னலைச் சிறிதாக்கும் பொத்தான்கூட இல்லை. சூப்பர் விசையை ஒரு தட்டு, செயலியின் பெயரில் இரண்டெழுத்து, என்டர். ஜன்னல் அதிகமானால் அடுத்த பணியிடத்துக்குத் தள்ளிவிடுவது. இவ்வளவுதான் மொத்தமே. பத்து நாளில் கைக்குப் பழகிவிட்டது என்றால் பிறகு எலியைத் தொடும் வேலை பாதியாகக் குறையும், பழகவில்லை என்றால் பதினோராம் நாள் விட்டுவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே கேடிஈ 4 வந்தபோது சலித்து க்னோமுக்கு வந்தார், 2011இல் க்னோம் 3 வந்ததும் அதைத் திட்டிவிட்டு எக்ஸ்எஃப்சிஈக்குப் போனார், 2013இல் மறுபடி க்னோமுக்கே திரும்பினார்.

குறையையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கீழே ஒருவர் வந்து சொல்வார். எக்ஸ்டென்ஷன் எனும் கூடுதல் துணுக்குகளை நம்பி வாழாதீர்கள். அவை க்னோமின் உட்புற ஜாவாஸ்கிரிப்டையே நேராகப் பிடித்து மாற்றுபவை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பதிப்பு வரும்போது ஒன்றிரண்டு படுத்துவிடும். 2023 செப்டம்பரில் க்னோம் 45 வந்தபோது நிரல் சேர்க்கும் முறையையே மாற்றினார்கள், பழைய எக்ஸ்டென்ஷன் எல்லாமே திருத்தி எழுதப்பட வேண்டியதாயிற்று. டெபியனில் பதிப்பு இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் நகரும் என்பதால் உங்களுக்கு அந்த அடி அடிக்கடி விழாது. அப்புறம் ஸ்கேலிங்: டெபியன் 13இல் உள்ள க்னோம் 48இல் 100, 200 தவிர்த்த இடை அளவுகள் இன்னமும் சோதனை வசதியாகத்தான் இருக்கின்றன, தனியாக இயக்க வேண்டும். இயக்கினால் ஓடும்.

பொறுமைக்கு ஒரு சான்று: கோப்பு திறக்கும் பெட்டியில் படங்களின் சிறு உருவம் கட்டமாகத் தெரிய வேண்டும் என்று 2004இல் ஒருவர் கேட்டார். 2023 மார்ச்சில் க்னோம் 44இல் வந்தது. நான் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன், ஆனாலும் விட்டுப் போகவில்லை.

கேள்விக்குறி எழுதியது:

கீழே வந்துவிட்டேன், மின்மினி.

சிறு உருவத்துக்குப் பத்தொன்பது வருடம் காத்திருந்த கூட்டத்திடம் நான் என்ன வாதாட. பிளாஸ்மாவில் அது எப்போதும் இருந்தது.

கறுப்புத்திரை, உங்கள் வேலைக்கு நேராகப் பொருந்தும் ஒன்றைச் சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள். பிளாஸ்மாவில் ஜன்னல் விதிகள் என்று ஒன்று உண்டு. எந்தச் செயலியின் தலைப்பிலும் வலச் சொடுக்குப் போட்டு, இந்தச் செயலி எப்போதும் இந்தத் திரையில், இந்த இடத்தில், இந்த அளவில், இந்தப் பணியிடத்தில் திறக்கட்டும் என்று ஒருமுறை எழுதிவிடலாம். நான் பிழைதிருத்தும் வேலை செய்பவன். மூலக் கோப்பு திறக்கும் ஆகுலர் எப்போதும் இடப்பக்கப் பாதி, ரைட்டர் எப்போதும் வலப்பக்கப் பாதி, அகராதி திறந்த உலாவி சிறிய திரையில். காலையில் மூன்றையும் திறந்தால் மூன்றும் தன் இடத்தில் போய் உட்காரும். அப்புறம் கிளிப்போர்டு வரலாறு, மூன்று வரிக்கு முன் நகலெடுத்ததைத் திரும்ப எடுப்பது, இதற்குத் தனியாக எதையும் நிறுவ வேண்டாம்.

குறை சொல்வதில் நானும் நியாயமாக இருக்கிறேன். ஒன்று, அமைப்புகள் பெட்டி ஒரு காடு. உள்ளே போனால் அரை மணி நேரம் காணாமல் போவீர்கள், வெளியே வரும்போது எதற்காகப் போனோம் என்பது மறந்திருக்கும். இரண்டு, பலூ என்கிற தேடல் அட்டவணையாளர் முதல் நாள் வட்டைப் போட்டு அரைக்கும், கோப்புகளின் உள்ளடக்கத்தைத் தேடும் பழக்கம் இல்லையென்றால் பெயர்களை மட்டும் அட்டவணைப்படுத்தச் சொல்லிவிடுங்கள். மூன்று, கடையில் கிடைக்கிற தீம் எல்லாவற்றையும் இறக்கிப் போடாதீர்கள். குளோபல் தீம் என்பது வெறும் வண்ணப்பூச்சு இல்லை, அதற்குள் நிரலும் ஓடலாம். 2024 மார்ச்சில் அப்படி ஒரு தீமை நிறுவிய ஒருவரின் கோப்புகள் எல்லாம் அழிந்து, கேடிஈக்காரர்களே எச்சரிக்கை விட வேண்டி வந்தது. கூடவே வரும் பிரீஸ் தீமே நன்றாகத்தான் இருக்கிறது.

பழைய கதையை வைத்துப் பிளாஸ்மாவை கனமானது என்று ஒதுக்குபவர்களுக்கு: 2008இல் வந்த கேடிஈ 4.0 பற்றி அப்படிச் சொன்னால் சரி. ஸ்டீம் விளையாட்டுத் தளக்காரர்களின் கையடக்க விளையாட்டுக் கருவி, அதுதான் ஸ்டீம் டெக், அதன் டெஸ்க்டாப் பயன்முறையில் ஓடுவது பிளாஸ்மாதான்.

செவிவழி எழுதியது:

இழை முழுக்க எழுத்து மங்குவது பற்றியே ஓடுகிறது, எனக்குத் திரையே தேவையில்லை, ஆனாலும் சொல்ல ஒன்று இருக்கிறது. நான் பார்வையற்றவன், ஓர்கா திரைவாசிப்பானை வைத்து வேலை செய்கிறேன்.

எங்களுக்கு டெஸ்க்டாப் தேர்வு என்பது ரசனை விவாதமே இல்லை. பொத்தானுக்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரைத் திரைவாசிப்பானுக்குச் சொல்லும் வேலையை யார் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள் என்பது மட்டும்தான். அந்த வேலையை க்னோம் 2 காலத்திலேயே சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பணம் போட்டு, ஆள் போட்டுச் செய்தது, ஓர்காவே அங்கிருந்து வந்ததுதான். அதனால் இன்றைக்கும் க்னோமும், க்னோம் 2இலிருந்து பிரிந்த மாத்தேயும் எனக்குப் பழகிய வீடு. டெபியன் கொஞ்ச காலம் எக்ஸ்எஃப்சிஈயை இயல்பு டெஸ்க்டாப்பாக வைத்துப் பார்த்துவிட்டு 2014இல் க்னோமுக்குத் திரும்பியபோது சொன்ன காரணங்களில் அணுகுவசதியும் ஒன்று. எலிவால் அண்ணனுக்கு இது தெரிந்திருக்கும், சொல்லமாட்டார்.

வேலாண்ட் வந்தபோது எங்கள் பக்கம் நிறைய அடி விழுந்தது. எல்லா விசையழுத்தத்தையும் எந்தச் செயலியும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது பாதுகாப்புக்கு நல்லது, ஆனால் திரைவாசிப்பானுக்கு ஒட்டுக்கேட்பதுதானே வேலை. ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டு வருகிறார்கள். தமிழை வாசிக்க ஈஸ்பீக் குரல் இருக்கிறது, இயந்திரத்தனமாக இருக்கும், வேகத்தைக் கூட்டினால் பழகிவிடும்.

கறுப்புத்திரை, உங்களுக்கு இது தேவைப்படாது. அப்பாவுக்கு வயதாகும்போது தேவைப்படலாம். அதைக் கணக்கில் வையுங்கள்.

தட்டச்சன் எழுதியது:

தலைப்பில் தமிழ் தட்டுவது பற்றி இருக்கிறது, ஒருவர்கூட அதைத் தொடவில்லை!

முதலில் ஒரு பொறியைச் சொல்கிறேன், எல்லோரும் விழுந்திருக்கிறோம். விசைப்பலகைப் பட்டியலில் தமிழ் என்று தேடினால் தமிழ்நெட் 99 என்று ஒன்று சாதாரண விசைப்பலகையாகவே கண்ணில் படும், அதைச் சேர்த்துவிடுவீர்கள். அது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டும் போடும். 'பக்கம்' என்று தட்டினால் இரண்டாவது ககரத்துக்கு முன் தானாக விழ வேண்டிய புள்ளி விழாது, 'பககம்' என்று பல்லிளித்துக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்துவிட்டு லினக்ஸில் தமிழ்99 சரியில்லை என்று போனவர்களை எனக்குத் தெரியும். உங்களுக்கு வேண்டியது எம்17என் என்கிற பன்மொழி உள்ளீட்டுத் தொகுப்பு வழியாக வரும் தமிழ்99. அதற்கான பொதியைத் தனியாக நிறுவிவிட்டு, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்து, பிறகு பட்டியலில் தேடினால் அடைப்புக்குறிக்குள் எம்17என் என்று போட்டு இன்னொன்று வந்திருக்கும்.

இனி டெஸ்க்டாப் பக்கம். க்னோமில் ஐபஸ் என்கிற உள்ளீட்டு முறை உள்ளேயே பின்னப்பட்டிருக்கிறது, சேர்த்தால் சேர்ந்தது, சூப்பரும் இடைவெளிப் பட்டையும் அழுத்தினால் மொழி மாறும், வேறு எதுவும் செய்ய வேண்டாம். தமிழ் தட்டுபவருக்கு இதைவிடச் சுலபம் கிடையாது, இந்த ஒன்றில் நான் மின்மினி கட்சி.

பிளாஸ்மாவில் ஒரு படி கூடுதல். ஐபஸ் மாதிரியே இன்னொரு உள்ளீட்டு முறையான எஃப்சிடிக்ஸ் 5ஐயும் அதன் எம்17என் துணைப்பொதியையும் நிறுவிவிட்டு, அமைப்புகளில் மெய்நிகர் விசைப்பலகை என்ற இடத்துக்குப் போய் அங்கே எஃப்சிடிக்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திரையில் விரலால் தொடும் விசைப்பலகைக்கான இடம் என்றுதான் யாருமே நினைப்போம், ஆனால் வேலாண்டில் உள்ளீட்டு முறையைக் கோர்ப்பது அங்கேதான். அதை விட்டுவிட்டு இணையத்தில் பழைய கட்டுரைகளைப் பார்த்து நாலு சூழல் மாறிகளை எழுதிவைத்தால் ஒரு செயலியில் வரும், ஒன்றில் வராது, ஒன்றில் இரண்டிரண்டாக வரும்.

இரண்டு டெஸ்க்டாப்புக்கும் பொதுவான தலைவலி ஒன்று: குரோமியம் உலாவியை உள்ளே வைத்துக் கட்டிய சில செயலிகள் வேலாண்டில் நேராக ஓடும்போது தமிழே விழாது. செயலியைத் திறக்கும் கட்டளையில் வேலாண்ட் உள்ளீட்டு முறைக்கான கொடியைச் சேர்த்துத் திறந்தால் சரியாகும்.

சதுரம் எழுதியது:

ஸ்வே போடுங்கள், ஜன்னல்களைத் தானாகவே அடுக்கி வைக்கும். ஜன்னலை நகர்த்துவது என்கிற வேலையே வாழ்க்கையில் இருக்காது. எல்லாமே ஒரு எழுத்துக்கோப்பில் எழுதிக்கொள்ளலாம், திரைக்குத் திரை ஸ்கேலிங் உட்பட.

கேள்விக்குறி எழுதியது:

அவர் எரிச்சல் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், சதுரம்.

கறுப்புத்திரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. க்னோம், பிளாஸ்மா இரண்டையும் ஒரே கணினியில் நிறுவிவிட்டு மாற்றி மாற்றிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன், சரிதானே? அப்பா கணினிக்கும் இப்போதே சொல்லிவிடுங்கள். செய்தி படிப்பார், வீடியோ பார்ப்பார், சீட்டு விளையாடுவார். நிறைய அழைப்பு வரும் என்று பயமாக இருக்கிறது.

பழையபெட்டி எழுதியது:

தம்பி, இரண்டையும் ஒரே பயனர் கணக்கில் போடாதீர்கள். போட்டால் என்ன ஆகும் என்று வரிசையாகச் சொல்கிறேன்: உள்நுழைவுத் திரை யாருடையது என்று நிறுவும்போதே கேட்கும், எதையோ சொல்வீர்கள். கோப்பு மேலாளர் இரண்டு, எழுத்துத் திருத்தி இரண்டு, முனையம் இரண்டு, படத்தைச் சொடுக்கினால் எது திறக்கும் என்பது கடைசியாக யார் மாற்றினார்களோ அவர்கள் கையில். ஒன்றில் தீம் மாற்றினால் மற்றதில் எழுத்துரு மாறியிருக்கும். கடவுச்சொல் பெட்டகம் க்னோமுக்கு ஒன்று, கேடிஈக்கு ஒன்று, உலாவி நேற்று எதில் வைத்ததோ இன்று அதைத் தேடும். சோதிக்கத்தான் வேண்டும் என்றால் டெஸ்க்டாப்புக்கு ஒரு பயனர் கணக்கு என்று தனித்தனியாக உருவாக்குங்கள். அதைவிட நல்லது, யூஎஸ்பியில் வென்டாய் (பல வட்டுருக்களை ஒரே யூஎஸ்பியிலிருந்து ஓட்ட உதவும் கருவி) போட்டு, நிறுவாமலேயே ஓடும் இரண்டு நேரடி வட்டுருக்களையும் நகலெடுத்துப் போட்டு, நிறுவாமலேயே ஒரு மாலை முழுக்க மானிட்டரோடு ஓட்டிப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் பார்த்து யாரும் டெஸ்க்டாப் தேர்ந்தெடுக்க முடியாது.

அப்பா விஷயத்துக்கு வருவோம். 4 ஜிபியில் டெஸ்க்டாப் எவ்வளவு தின்கிறது என்று எல்லோரும் அளக்கிறார்கள், அளந்து வந்த வித்தியாசம் சில நூறு எம்பி, உலாவியில் நாலு தாவல் திறந்தால் அது எங்கே போயிற்று என்றே தெரியாது. இருந்தாலும் 4 ஜிபியில் அந்தச் சில நூறு எம்பியும் காசுதான், எலிவால் சொல்கிற எக்ஸ்எஃப்சிஈ அங்கே சரி. ஒரே திரை, ஒரே ஸ்கேலிங், எக்ஸ்11 பற்றிய புகார் எதுவும் அங்கே எழாது. ரேமில் அழுத்திச் சேமிக்கும் இசட்ரேம் ஸ்வாப்பையும் சேர்த்துவிடுங்கள்.

ஆனால் பெரியவர்களுக்கு வேகம் பெரிய பிரச்சினையே இல்லை, பொருள் இடம் மாறினால்தான் பிரச்சினை. என் பெரியப்பாவுக்கு ஆசையாகப் பிளாஸ்மா போட்டுக் கொடுத்தேன். ஒரு நாள் மதியம் அழைப்பு, "கீழே இருந்த பட்டை போயிடுச்சுப்பா." என்ன அழுத்தினீர்கள் என்றால் எதையும் அழுத்தவில்லை என்கிறார், எல்லோரும் சொல்வதுதான். திருத்தும் நிலைக்குள் எப்படியோ போய்ப் பேனலையே நீக்கியிருக்கிறார். வெற்றிடத்தில் வலச் சொடுக்கு, பேனல் சேர், இயல்புப் பேனல் என்று போனில் சொல்லிக் கொண்டுவந்தோம், ஆனால் அவர் வைத்திருந்த ஐகான் வரிசை வரவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எக்ஸ்எஃப்சிஈயில் பேனல் அமைப்பில் பூட்டு என்று ஒரு குறி இருக்கிறது, முதல் வேலையாக அதைப் போடுங்கள்.

இன்னொன்று, கடவுச்சொல் கேட்காமல் தானாக உள்நுழையும்படி வைப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான் செய்வோம். வைத்த மறுநிமிடம் உலாவி திறந்தால் பெட்டகத்தைத் திறக்கக் கடவுச்சொல் கொடு என்று ஒரு பெட்டி வரும், தினமும் வரும். உள்நுழையும்போது தட்டும் கடவுச்சொல்தான் பெட்டகத்தையும் திறந்துகொண்டிருந்தது, அதைத் தட்டாததால் அது பூட்டியே கிடக்கிறது. பெட்டகத்தின் கடவுச்சொல்லை வெறுமையாக்கலாம், பாதுகாப்பு போகும், அல்லது தானியங்கி உள்நுழைவையே விட்டுவிடலாம். நான் இரண்டாவதைத்தான் செய்வேன்.

எலிவால் எழுதியது:

சொன்னேன் பார்த்தீர்களா.

கறுப்புத்திரை எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன். முதலில் நேரடி வட்டுருவில் க்னோம் ஒரு மாலை, பிளாஸ்மா ஒரு மாலை. க்னோமில் தமிழ் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது, தட்டச்சன் சொன்ன பொறியில் சரியாக விழுந்து எழுந்த பிறகு. 'பககம்' பார்த்தேன், சிரித்தேன். சூப்பர் விசைப் பழக்கமும் பிடித்துத்தான் இருந்தது.

ஆனால் ஒரு பெரிய பிரச்சினை. 4கே மானிட்டரில் எலிக்குறி வழுக்குகிறது, எண்ணெயில் இழுத்தது மாதிரி கையை விடக் கொஞ்சம் பின்னால் வருகிறது. ஜன்னலைப் பிடித்து நகர்த்தினால் விட்டு விட்டு நகர்கிறது. மடிக்கணினித் திரையில் எல்லாம் வெண்ணெய். க்னோம்தான் கனம் என்று நினைத்துப் பிளாஸ்மாவுக்குப் போனால் அங்கேயும் அதே கதை. அனிமேஷன் எல்லாவற்றையும் அணைத்தேன், மாற்றமில்லை. கடுப்பில் எக்ஸ்எஃப்சிஈயும் போட்டுப் பார்த்தேன், அதிலும்! என் கிராபிக்ஸ் இதற்கெல்லாம் தாங்காதோ?

நள்ளிரவுக்கர்னல் எழுதியது:

மூன்று டெஸ்க்டாப்பிலும் ஒரே மாதிரி என்றால் குற்றவாளி டெஸ்க்டாப் இல்லை. எந்தக் கேபிளில் இணைத்தீர்கள்? திரை அமைப்பில் புதுப்பிப்பு வீதம் என்ன காட்டுகிறது?

கறுப்புத்திரை எழுதியது:

எச்டிஎம்ஐ. 30 என்று இருக்கிறது. 60 பட்டியலிலேயே இல்லை.

நள்ளிரவுக்கர்னல் எழுதியது:

அதுதான். உங்கள் கணினியின் எச்டிஎம்ஐ துளை 1.4 வகை, 4கேயில் நொடிக்கு 30 படத்துக்கு மேல் அதால் அனுப்ப முடியாது. விண்டோஸிலும் இப்படித்தான் இருந்திருக்கும், அங்கே பழகிப்போய்க் கண்ணில் படவில்லை, இங்கே புதிதாகப் பார்ப்பதால் படுகிறது. லினக்ஸில் டெஸ்க்டாப் மந்தம் என்று வரும் புகார்களில் பலவற்றை இப்படித்தான் கேபிள் வரை துரத்திப் பிடித்திருக்கிறேன்.

யூஎஸ்பி-சி துளை இருக்கிறதா, அதன் பக்கத்தில் டிஸ்பிளேபோர்ட் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதிலிருந்து மானிட்டரின் டிஸ்பிளேபோர்ட்டுக்கு ஒரு கேபிள், 60 வந்துவிடும். இல்லையென்றால் எச்டிஎம்ஐயிலேயே 2560×1440க்கு இறக்கி 60 வையுங்கள், எழுத்து கொஞ்சம் மென்மையாகும், கை நிம்மதியாகும்.

கறுப்புத்திரை எழுதியது:

குறி இருந்தது. இத்தனை வருடம் அந்தத் துளையைப் போன் சார்ஜ் போட மட்டும் பயன்படுத்தியிருக்கிறேன். கேபிள் மாற்றியதும் 60, வழுக்கல் போயே போயிற்று. மூன்று டெஸ்க்டாப்பையும் வீணாகத் திட்டிவிட்டேன்.

கடைசியில் பிளாஸ்மாவில் நின்றேன். க்னோம் பிடிக்காமல் இல்லை, மின்மினி மன்னிக்க வேண்டும், ஆனால் ஜன்னல் விதிகளை ஒரு நாள் பயன்படுத்திய பிறகு திரும்பப் போக மனமில்லை. மூலம் இடம், தமிழ் வலம், அகராதி சின்னத் திரை. மானிட்டர் 150, மடிக்கணினி 100, ஜன்னலை இங்கிருந்து அங்கே இழுத்தால் அளவு மாறிக்கொண்டு போகிறது, அதை மட்டும் நாலைந்து முறை சும்மா இழுத்துப் பார்த்தேன். எஃப்சிடிக்ஸ் அந்த மெய்நிகர் விசைப்பலகைப் பக்கத்தில்தான் இருந்தது, சொல்லாமல் விட்டிருந்தால் ஜென்மத்துக்கும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். அலுவல் அரட்டைச் செயலி ஒன்றில் மட்டும் இன்னமும் தமிழ் விழவில்லை, கொடியெல்லாம் போட்டாயிற்று, இப்போதைக்கு அதை உலாவியிலேயே திறக்கிறேன்.

அப்பாவுக்கு எக்ஸ்எஃப்சிஈ. பேனல் பூட்டியாயிற்று, தானியங்கி உள்நுழைவு இல்லை. ஓர்காவும் உருப்பெருக்கியும் இருக்கும் இடத்தைக் காட்டி வைத்திருக்கிறேன், செவிவழி. மூன்று நாளாக ஓர் அழைப்பும் இல்லை, நானே பயந்து போய்க் கூப்பிட்டேன். கடிகாரம் சின்னதாக இருக்கிறது, பெரிதாக்க முடியுமா என்று மட்டும் கேட்டார். பேனலைப் பூட்டவிழ்த்து, வரிசை உயரத்தை 48 ஆக்கி, மறுபடி பூட்டிக் கொடுத்தேன்.

எலிவால் எழுதியது:

48 அதிகம். 36 போதும்.